மாமாவை ஏற்றாமல் மாட்டிய சக்கரம்

சக்கரக் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வாரம் ஸ்பேனரைப் பின்பாக்கெட்டில் சொருகிக்கொண்டு நடப்பீர்கள். இரண்டாவது வாரம் வண்டிக்காரருக்குப் புத்தி சொல்வீர்கள். மூன்றாவது வாரம் ஒரு வண்டியைக் கெடுப்பீர்கள். நான் அப்படி அவசரப்படவில்லை. என் முதல் வண்டியை ஒழுங்காகக் கெடுக்க இருபது வருடம் எடுத்துக்கொண்டேன்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் எங்கள் கடை. ஆரம்பத்தில் பஞ்சர் மட்டும் ஒட்டினோம். பிறகு டயர், அதற்குப் பிறகு பளபளவென்று அலாய் வீல். கடையைத் திறந்தது என் வீட்டுக்காரர். அவருக்குப் பேச்சு நன்றாக வரும், எனக்கு வேலை நன்றாக வரும். அதனால் அவர் டீக்கடையில் இருந்தார், நான் ஜாக்கிக்குப் பக்கத்தில் இருந்தேன். இப்போது முட்டி இரண்டும் போதும் என்று சொல்லிவிட்டதால் மகனிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து உங்களையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவும் வேலைதான்.

நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆடு மேய்க்கப் போய்விட்டேன். வீலின் முதுகில் இங்கிலீஷில் எழுதியிருப்பது எனக்கு எழுத்து இல்லை, படம். சீப்பு மாதிரி ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் கம்பம் மாதிரி ஒன்று, அதற்கடுத்து ஓர் எண். அந்த எண்தான் ஆஃப்செட். எண் பெரிதாக இருந்தால் சக்கரம் மட்கார்டுக்கு உள்ளே ஒதுங்கி நிற்கும். எண் சிறிதாக இருந்தால் வெளியே எட்டிப் பார்க்கும். இதை விளக்க மாமியார் மருமகள் உதாரணம் ஒன்று வைத்திருந்தேன். என் மருமகளும் இதைப் படிப்பாள் என்பதால் பஸ் உதாரணம் சொல்கிறேன். பெரிய எண் ஜன்னல் சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பவர். சின்ன எண் படிக்கட்டில் தொங்குகிறவர். தொங்குகிறவருக்குக் காற்று வரும், பார்க்கவும் ஜோராக இருக்கும், எதிரே ஒரு லாரி வரும்வரை. அதற்காக ரொம்பவும் உள்ளே ஒடுங்கினால் பக்கத்து ஆளின் முழங்கை இடிக்கும். சக்கரத்துக்கு அந்த முழங்கை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஜினதாஸ் வண்டியைக் கெடுத்தேன்.

ஜினதாஸ் எங்கள் ஊர் சமணக் குடும்பத்துப் பையன், அவர்களை நாங்கள் நயினார் என்போம். திண்டிவனத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் வேலை. தினமும் காரில் போய்வருவான். கைமாறி வாங்கிய சின்ன வெள்ளைக் கார். அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங் மாற்றி இரண்டு இன்ச் கீழே இறக்கியிருந்தான். கடை வாசலில் வந்து நின்றபோது கூரைமேல் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"இன்னா நைனா, உன் வண்டி தரையில எதையோ தேடிகினு இருக்குது?"

"எறக்கியிருக்கேன் ஆயா. ஸ்டைலு."

"ஏத்தி வுடச் சொல்லி வந்தியா?"

"ஐயோ இல்ல ஆயா. வீல் மாத்தணும்." போனை நீட்டினான். அதில் ஒரு கார் தரையில் படுத்திருந்தது. சக்கரம் நாலும் மட்கார்டைத் தாண்டி வெளியே பிதுங்கியிருந்தன. "இதே மாதிரி. பதினேழு இன்ச், அகலம் எட்டு, ஆஃப்செட் இருவத்தஞ்சு."

அவன் காருக்கு ஷோரூமிலிருந்து வந்தது பதினைந்து இன்ச், எண் நாற்பத்தைந்து.

"உன் வண்டி தெனம் ஓடறதா?"

"தெனமும்தான்."

"இந்தப் படத்துல இருக்கற வண்டி தெனம் எங்க போவுது?"

தலையைச் சொறிந்தான். "அது ஷோவுல நிக்குது ஆயா."

"நிக்கற வண்டிக்கு எந்தச் சக்கரமும் சரியாத்தான் இருக்கும். சக்கரமே இல்லன்னாலும் நிக்கும்."

சிரித்தான். சிரித்தபடியே ஒரு மணி நேரம் கெஞ்சினான். நல்ல பையன் கெஞ்சினால் எனக்குப் புத்தி இளகிவிடும். அவன் கேட்பது இருபத்தைந்து, வண்டிக்கு உரியது நாற்பத்தைந்து, நடுவில் முப்பத்தைந்தில் முடிப்போம் என்று பஞ்சாயத்து பண்ணினேன். பதினாறு இன்ச், அகலம் ஏழு. அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் நியாயம் பண்ணிய பெருமை. சரிக்கும் தப்புக்கும் நடுவில் நின்றால் அது பாதி சரி ஆகிவிடாது பிள்ளைகளே, அதுவும் ஒரு தப்புதான். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

மாட்டியபின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் போனது. அவனைக் கோட்டை வரைக்கும் ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னேன். சத்தமே இல்லை. எப்படி இருக்கும்? ஜினதாஸ் கொடியில் காயும் சட்டை மாதிரி இருப்பான். அவன் ஏறினாலும் ஒன்று, இறங்கினாலும் ஒன்று.

"இதுல யார் யாருப்பா ஏறுவாங்க?"

"நான் ஒருத்தன்தான் ஆயா. சத்தியமா."

அவன் பொய் சொல்லவில்லை. செஞ்சியில் கார் வைத்திருக்கிறவன் தனியாகப் போய்வர முடியும் என்று உண்மையாகவே நம்பினான். இன்னும் கல்யாணம்கூட ஆகாதவன், அவனுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது.

"ஆயா, பின்னாடி லெஃப்ட் டயர் போயிடுச்சு. ரப்பர் வாசன வருது. எங்கிட்ட ஜாக்கி இல்ல. அம்மா வேற இருக்காங்க. அவங்க இன்னும் சாப்டல."

மற்றதெல்லாம் எனக்குச் சாதாரணம். கடைசி வார்த்தைதான் தூக்கிப் போட்டது. ஜினதாஸின் அம்மா பத்மாவதி அந்த மாதம் முழுக்க நோன்பில் இருந்தார். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அதுவும் வீட்டில் சமைத்தது, வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். பொழுது இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பொழுது போய்விட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை, அடுத்த நாள்தான். வழக்கமாகப் பகலிலேயே சாப்பிட்டுவிடுவார். அன்றைக்கு மேல்சித்தாமூர் கோயிலில் அபிஷேகம் முடிய நேரமாகிவிட்டது. முந்தின நாள் மதியம் சாப்பிட்டதுதான். இரண்டு நாள் முன்பு அவருக்குத் தலை சுற்றியது எங்கள் தெருவுக்கே தெரியும்.

ஓர் ஆட்டோவைப் பிடித்து, ஜாக்கியோடு போனேன். ஊருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. புளியமரத்தடியில் பத்மாவதி அம்மா நின்றார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன். ஜினதாஸுக்கு மாமா. மல்லாட்டை வியாபாரி, வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். அவரைப் பார்த்தாலே வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று தெரியும். அவருக்குப் பின்னால் மாமி. நின்றிருந்தார், ஆனால் மாமாவைச் சுற்றிப் போனால்தான் கண்ணில் படுவார்.

ஆட்டோக்காரன் அவசரப்பட்டான். "ஆயா, மலையனூர் சவாரி காத்துகினு இருக்குது. நான் கெளம்பட்டா?"

"போ போ," என்றேன், கண் டயர்மேல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பசித்த மனுஷியை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய ஒரே வண்டியை நானே வாயால் அனுப்பிவைத்தேன். அந்த அம்மாவை அதில் ஏற்றிவிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வீடு. எனக்கு அது தோன்றவில்லை. சக்கரக்காரிக்குச் சக்கரம் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

டயரைப் பார்த்தேன். மட்கார்டின் விளிம்பு டயரின் தோளைக் கத்தி மாதிரி அறுத்திருந்தது. ஸ்டெப்னியை எடுக்க டிக்கியைத் திறந்தேன். உள்ளே இரண்டு மல்லாட்டை மூட்டை.

"இது இன்னா நயினாரே?"

"வெறும் வண்டியாத்தானே திரும்புது? விதைக்கு ஆவும்னு வாங்கிப் போட்டேன்," என்றார் மாமா.

"வெறும் வண்டியா? நீங்க ஏறினப்புறமா?"

மாமி மாமாவுக்குப் பின்னால் நின்று சிரித்தார். மாமா என்னை முறைத்தார். மூட்டைகளை இறக்கி, ஸ்டெப்னியை எடுத்து, ஜாக்கி போட்டு, நட்டு கழற்றி மாட்டி முடித்தேன். கை வேகமாகத்தான் ஓடியது. "அவ்ளோதான், ஏறுங்க" என்று நிமிர்ந்தேன்.

பத்மாவதி அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டை இருக்கும் ராஜகிரி மலைக்கு மேலே சூரியன் ஒரு முழ உயரத்தில் நின்றது.

"அக்கா, மலைக்குப் பின்னால எறங்கிட்டா எனக்குப் பொழுது போச்சு," என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

"இல்லம்மா, போன்ல ஆறு இருவதுன்னு போட்டிருக்குது. இன்னும் நேரம் இருக்குது," என்றான் ஜினதாஸ்.

"உன் போனு நோம்பு இருக்குதாடா? நான்தான இருக்கேன். எங்கண்ணுக்குத் தெரியணும்."

எங்கள் ஊரில் அதுதான் சங்கடம். மற்ற ஊரில் சூரியன் தரைவரை வந்து மறையும். செஞ்சியில் நடுவழியில் மலை பிடித்துக்கொள்ளும். போனில் போட்டிருப்பதைவிட நமக்குச் சீக்கிரம் பொழுது போய்விடும்.

அப்போதுதான் வலது பக்கப் பின்சக்கரத்திடம் போய்க் குனிந்தேன். அந்த டயரிலும் சுற்றிவரப் பளபளவென்று ஒரு கோடு. அறுபடவில்லை, அறுபடத் தயாராக இருந்தது. மாற்ற இன்னொரு ஸ்டெப்னி இல்லை. டவுன் பஸ் எப்போது வரும் என்று அந்தப் பஸ்ஸுக்கே தெரியாது. போன் பண்ணினால், அமாவாசைக் கூட்டத்துக்காக எல்லா ஆட்டோவும் மேல்மலையனூர் கோயில் சாலையில்.

உட்கார்ந்தபடியே யோசித்தேன். ஊருக்குள் நுழைவதற்குள் நாலு ஸ்பீட் பிரேக்கர். நாலில் ஏதோ ஒன்றில் வலது டயரும் போய்விடும். மெதுவாக ஓட்டினால் பொழுது போய்விடும். மட்கார்டு விளிம்பைச் சுத்தியலால் மடிக்கலாமா? அதற்கும் நேரம் வேண்டும். என்னைவிட அதிகம் தெரிந்த மாதிரி ஜினதாஸ் டயரில் காற்றைக் குறைக்கலாமா என்றான். குறைத்தால் வண்டி இன்னும் கீழே இறங்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தையிலேயே பதில் இருந்தது. டயர் உரசுவது வண்டி இறங்குவதால். வண்டி இறங்குவது பாரத்தால். வெறும் வண்டியில் ஜினதாஸ் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறான்.

"நயினாரே, நீங்க எறங்கணும்," என்றேன்.

"நான் எங்கம்மா ஏறினேன்? கீழதான நிக்கறேன்?"

"அப்படியே நில்லுங்க. மூட்டையும் இங்கயே. மாமியும் நானும் இங்கயே. அம்மாவும் பிள்ளையும் மட்டும் போவட்டும்."

"இதெல்லாம் ஒரு ரிப்பேரா? ஆளை எறக்கிவுட்டு வண்டிய ஓட்டறது?"

"உங்க தங்கச்சி பசியா இருக்குது. நீங்க பசியா இருந்தா உங்கள ஏத்தி அனுப்பறேன்."

மாமா மலையைப் பார்த்தார். தன் தங்கையைப் பார்த்தார். பிறகு தானே போய் முன் கதவைத் திறந்து பிடித்தார். அந்த மனுஷன்மேல் எனக்கு அன்றிலிருந்து ஒரு மரியாதை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"வேகமாப் போ நைனா, ஆனா ஸ்பீட் பிரேக்கர்ல ஆமை மாதிரி ஏறு," என்று சொல்லி அனுப்பினேன். கார் போய்விட்டது.

நாங்கள் மூன்று பேரும் மூட்டைமேல் உட்கார்ந்தோம். ஒரு மூட்டையில் மாமா, இன்னொன்றில் மாமியும் நானும். மூன்று பேரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு முழம் ஒரு சாண் ஆனது. என் வாழ்க்கையில் சூரியனை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. இரண்டு பஸ் நிறுத்தாமல் போனது.

"இன்னேரம் பஜார் தாண்டியிருப்பாங்க," என்றார் மாமி.

"ஸ்பீட் பிரேக்கர் நாலு," என்றேன்.

"அஞ்சு. பள்ளிக்கூடத்துக்கிட்ட புதுசா ஒண்ணு போட்டிருக்கான்," என்றார் மாமா. அவரை அப்படியே ஏரியில் தள்ளலாம் போலிருந்தது. ஆனால் ஏரி தூரம், ஆள் கனம்.

சூரியன் மலையைத் தொட்டது. போன் அடிக்கவில்லை. பாதி போனது. முழுதும் போனது. மாமா என் போனை வாங்கித் தட்டிப் பார்த்தார். 

வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது எங்களை ஒவ்வொருவராக அழைத்துப்போக ஜினதாஸ் தனியாகக் காரில் திரும்பி வந்தான். நான் ஜன்னலுக்குள் தலையை விட்டேன்.

"சாப்டாங்களா?"

"மூணு வாய் ஆயா. தண்ணி குடிச்சாங்க. நாலாவது வாய்க்கு எடுக்கறப்ப வாசல்ல போயி பாத்தாங்க. மலைக்குப் பின்னால போயிட்டிருந்தது. சோத்த அப்படியே வெச்சுட்டு எழுந்துட்டாங்க."

"மூணு வாய் போதுமாடா?"

"போதாது. ஆனா படுத்திருக்காங்க, நல்லா பேசறாங்க. உன்ன ஒண்ணும் சொல்லலை ஆயா."

சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். நாலாவது வாய் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆட்டோவை அனுப்பாமல் இருந்திருந்தால் அந்த அம்மா தட்டைக் காலி பண்ணியிருப்பார். வண்டி ரோட்டில் நின்றுவிட்டால் முதலில் உள்ளே இருந்த ஆளைப் பாருங்கள், சக்கரத்தை அப்புறம் பாருங்கள். சக்கரத்துக்குப் பசிக்காது.

மறுநாள் மதியம் அதே கார் ஊர்ந்து ஊர்ந்து கடைக்கு வந்தது. ஜினதாஸ் லீவு போட்டிருந்தான். பின்னால் பத்மாவதி அம்மா, மாமா, மாமி மூவரும். டிக்கியில் அதே இரண்டு மூட்டை.

"சாப்டுட்டு வந்துட்டேன் அக்கா," என்றார் பத்மாவதி அம்மா, சீட்டை விட்டு இறங்காமலே. "வயிறு நெறய. இன்னிக்கு எவ்ளோ நேரம் ஆனாலும் உக்காந்திருக்கேன். எங்கள உள்ள வெச்சே சக்கரத்தப் பாரு."

எனக்குத் தோன்றாத வேலை அந்த அம்மாவுக்குத் தோன்றியது. பாரம் ஏற்றிவைத்துதான் பார்க்க வேண்டும், வெறும் வண்டியில் இல்லை. விரல் விட்டுப் பார்த்தால் வண்டி நிற்கும்போது இருக்கும் இடைவெளிதான் தெரியும். ஓடும்போது, திரும்பும்போது, குழியில் விழும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு மாவுதான் சரி. முதலில் பக்கத்துக் கடையில் பரோட்டா மாவு வாங்கி மட்கார்டின் உள் விளிம்பில் ஒட்டினேன். அது அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழுந்துகொள்ளும், ஒன்றையும் ஒப்புக்கொள்ளாது. வீட்டிலிருந்து கொழுக்கட்டை மாவு பிசைந்து கொண்டுவந்தேன். அரிசி மாவு வாங்கிய அடியை மறைக்காது.

கழற்றிவைத்த முப்பத்தைந்தாம் எண் சக்கரத்தையே வேறு டயர் போட்டு முதலில் மாட்டிப் பார்த்தேன், என் தப்பை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று. எல்லாரையும் ஏற்றி, ஒரு பக்கப் பின்சக்கரத்தைக் கனமான பலகைமேல் ஏற்றச் சொன்னேன். மாவு அப்பளம் ஆகிவிட்டது.

"பாத்தியா?" என்றேன் ஜினதாஸிடம்.

"பாத்தேன் ஆயா." அவன் முகமும் அப்பளம்தான்.

அடுத்து, பதினாறு இன்ச்சிலேயே அகலம் ஆறு, எண் நாற்பத்தைந்து. இந்தத் தடவை நடுவில் நின்று பஞ்சாயத்து பண்ணவில்லை, மாவைக் கேட்டேன். பலகைமேல் ஏற்றினோம். முன்சக்கரத்தை இடது பக்கம் முழுக்கத் திருப்பினோம், வலது பக்கம் முழுக்கத் திருப்பினோம். நாலு மூலையிலும் மாவு வைத்த மாதிரியே உருண்டையாக இருந்தது. உள்ளே ஸ்பிரிங் பக்கம் ஒட்டியதும் அமுங்கவில்லை.

"நான் எறங்கலாமா?" என்றார் மாமா, நாலாவது தடவையாக.

"நயினாரே, இன்னிக்கு எங்கடையில நீங்கதான் மெஷினு. மெஷினு எழுந்து நடந்தா வேல நடக்காது."

ஜினதாஸ் தூரத்தில் போய் நின்று காரைப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். குனிந்து பார்த்தான். "ஆயா, பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்குதே."

நான் பதில் சொல்லும் முன் பத்மாவதி அம்மா ஜன்னலைத் திறந்தார். "நான் உள்ள உக்காந்துகினு இருக்கேன்டா. எனக்கு உன் சக்கரமே தெரியல. ஓட்டு."

அவன் ஏறினான். நால்வரும் இரண்டு மூட்டையும் உள்ளே. எங்கள் கடைக்கு எதிரிலேயே ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது, ஊரிலேயே உயரமானது. கார் அதன்மேல் ஏறியது, மறுபக்கம் தொப்பென்று இறங்கியது. நான் சாலையோரத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ரப்பர் உரசும் சத்தம் வருகிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டேன்.

மாமா கத்தியது மட்டும்தான் கேட்டது.